லேசர் ஒளியும் மனிதத் தோலும்
சிகிச்சையின் பயனும் பக்க விளைவுகளும்

மகாராஷ்டிர மாநிலத்தில், புனே மாவட்டத்தைச் சேர்ந்த பாராமதி என்னும் ஊரில் 1938-ஆம் ஆண்டில் பிறந்தவர் சந்திர குமார் நாரண்பாய் படேல். பூனா என்று அந்நாளில் வழங்கிய புனே நகரத்து அரசினர் பொறியியற் கல்லூரியில் பயின்று, 1958-ல் அவர் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து, 1961-ல் டாக்டர் பட்டமும் பெற்று, பெல் ஆராய்ச்சிச் சாலையில் பணியேற்றார். அங்கு 1964-ல் அவர் கண்டு அமைத்ததே கரியமிலவாயு லேசர் ஆகும். எஃகுத் தகட்டை அறுக்கவும், அறுவை மருத்துவரின் கையில் கத்தியாகப் பயன்படவும், தோலின் மேற்பரப்பை நுண்ணிய அளவில் சீவி எடுக்கவும் அக்கருவி இன்று உலகெங்கும் பயன்பட்டு வருகின்றது. தோல் மருத்துவத்தில் லேசரின் வரலாற்றைக் கூறப் புகுவோர், புனேயில் பயின்ற இப்பொறியியலாளரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது.

அதே புனே நகரம் லேசர் ஒளியின் மற்றொரு முகத்தையும் கண்டுள்ளது. 2023 செப்டம்பரில், விநாயகர் திருவுருவங்களை நீரிற் கரைக்கும் ஊர்வலத்தில் ஒளிக்காட்சிக்காகப் பாய்ச்சப்பட்ட லேசர் கற்றைகளைக் கண்ட இளைஞர் ஒருவரின் விழித்திரை பழுதுற்றது என்று கண் மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். 2024-ஆம் ஆண்டு விழாவின்போது அத்தகைய ஒளிக்கற்றைகளுக்கு அதிகாரிகள் தடை விதித்தனர். குணப்படுத்தும் ஒளியே ஊறும் விளைக்கக்கூடும் என்பதற்கு இவ்விரு செய்திகளும் சான்றாகும்.

பெருநகரங்களில் மட்டுமே கிடைத்து வந்த லேசர் தோல் சிகிச்சை, இக்காலத்தில் சிறு நகரங்களிலும் பரவிவிட்டது. வேண்டாத முடியை நீக்குதல், பச்சை குத்திய தடத்தை அழித்தல், பருவின் வடுவைச் சமன் செய்தல், பிறவிச் செந்தடங்களை மங்கச் செய்தல் ஆகியவற்றுக்காகப் பலர் இதனை நாடுகின்றனர். ஆயினும், மருத்துவர் மேற்பார்வை இல்லாத அழகு நிலையங்களிலும் இக்கருவிகள் இயக்கப்படுகின்றன. ஆகவே கிராமப்புறங்களில் பணியாற்றும் சுகாதார ஊழியரும், மாணவருடன் நாள்தோறும் பழகும் ஆசிரியரும் இச்சிகிச்சையின் தத்துவத்தையும் அதன் தீமைகளையும் ஓரளவேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

லேசர் ஒளியின் தன்மை

அணுக்களைத் தூண்டி ஒளியை வெளிவிடச் செய்யலாம் என்னும் கருத்தை 1917-ல் ஐன்ஸ்டைன் வெளியிட்டார். அக்கருத்து கருவியாக உருப்பெற நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1960 மே மாதத்தில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைச் சேர்ந்த தோல் மருத்துவர் லியோன் கோல்டுமன் அவ்வொளி மனிதத் தோலில் விளைக்கும் மாறுதல்களை ஆராயத் தொடங்கினார்.

சாதாரண விளக்கின் ஒளி பல நிறங்களின் கலவை. அது எல்லாத் திசைகளிலும் பரவும். லேசர் ஒளியோ ஏறத்தாழ ஒரே அலைநீளம் உடையது. அதன் அலைகள் ஒன்றோடொன்று இசைந்து செல்பவை. கற்றை விரியாமல் நெடுந்தூரம் செல்லக்கூடியது. இதனால் மிகுந்த ஆற்றலை மிகச் சிறிய இடத்தில், மிகக் குறுகிய நேரத்தில் செலுத்த முடிகின்றது. லேசரின் மருத்துவப் பயனுக்கும் அதன் அபாயத்திற்கும் காரணம் இதுவேயாகும்.

தோல் ஒளியை ஏற்கும் வகை

மனிதத் தோலின் மேலடுக்கு பெரும்பாலான இடங்களில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் கனமே உடையது. அதற்குக் கீழேயுள்ள உள்தோலில் இரத்தக் குழாய்களும், முடியின் வேர்களும், வியர்வைச் சுரப்பிகளும், நார்ப்பொருளும் அமைந்துள்ளன. ஒளி ஒரு பொருளில் உறிஞ்சப்பட்டால்தான் வெப்பமாக மாறும். ஊடுருவிச் சென்றாலோ, திருப்பி அனுப்பப்பட்டாலோ அப்பொருளுக்குத் தீங்கில்லை. தோலில் ஒளியை உறிஞ்சும் பொருள்களுள் மூன்று முதன்மையானவை: தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனின், இரத்தத்தின் செந்நிறப் பொருளாகிய ஹீமோகுளோபின், திசுக்களில் நிறைந்துள்ள நீர்.

இம்மூன்றும் எல்லா ஒளியையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. மெலனின், குறுகிய அலைகளை மிகுதியாகவும் நீண்ட அலைகளைக் குறைவாகவும் ஏற்கும். ஹீமோகுளோபின், மஞ்சள் ஒளியை நன்கு ஏற்கும். நீர், கண்ணுக்குப் புலப்படும் ஒளியை ஏறக்குறைய முழுதும் கடந்து செல்ல விடும்; ஆனால் நெடிய அகச்சிவப்பு அலைகளைப் பெரிதும் உறிஞ்சிக்கொள்ளும். இவ்வேறுபாடே பலவகை லேசர்களைப் பலவகை நோய்க்குப் பயன்படுத்த வழி செய்தது.

முடியையும் நிறத் தடங்களையும் நீக்குவதற்கு 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள மாணிக்க லேசரும், 755 நானோமீட்டர் உள்ள அலெக்சாண்டிரைட் லேசரும், 800 நானோமீட்டரை ஒட்டிய டையோடு லேசரும், 1064 நானோமீட்டர் உள்ள நியோடிமியம்–யாக் லேசரும் பயன்பட்டு வந்துள்ளன. இரத்தக் குழாய்களால் உண்டாகும் செந்தடத்திற்கு 585 அல்லது 595 நானோமீட்டர் அலையைத் துடிப்புத் துடிப்பாக வெளிவிடும் சாய லேசர் ஏற்றது. தோலைச் சீவிச் சமன் செய்வதற்கு 2940 நானோமீட்டர் எர்பியம் லேசரும், 10,600 நானோமீட்டர் கரியமிலவாயு லேசரும் உதவுகின்றன. படேல் கண்ட கரியமிலவாயு லேசரின் ஒளியைத் திசுவிலுள்ள நீர் உடனே உறிஞ்சி ஆவியாகி விடுகின்றது. அவ்வொளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு ஆழத்திற்கு மேல் எளிதிற் செல்வதில்லை. ஆதலால் நுண்ணிய அளவில் தோலை அகற்ற முடிகின்றது.

கடுகும் உருளைக்கிழங்கும்

தொடக்க காலத்து லேசர்களிற் சில, இடைவிடாத கற்றையாக ஒளியை வெளிவிட்டன. செந்தடங்களுக்குப் பயன்பட்ட ஆர்கன் லேசரும், இடைவிடாது இயங்கிய கரியமிலவாயு லேசரும் குறித்த இடத்தைத் தாண்டி வெப்பத்தைப் பரப்பி, சிலரது தோலில் வடுக்களை விட்டுச் சென்றன. இக்குறையை நீக்கும் வழியை 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துக் காட்டினர். குறித்த பொருள் மட்டுமே உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுத்து, அப்பொருள் தன் வெப்பத்தைச் சுற்றிலும் பரப்புவதற்கு முன்னரே ஒளித் துடிப்பை முடித்துவிட வேண்டும் என்பது அவர்களது கொள்கை.

சமையலறையில் யாவரும் கண்ட ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்த கடுகு நொடிப்பொழுதில் ஆறிவிடும். வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கோ நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும். ஒரு பொருள் வெப்பத்தை இழக்க வேண்டிய காலம், ஏறத்தாழ அதன் குறுக்களவின் இருமடிக்கு ஏற்ப மாறும். குறுக்களவு இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். மெலனின் பொதிந்த நுண்துகள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவே உடையது. அது மைக்ரோசெகண்டு அளவிலேயே ஆறிவிடும். தோலின் மேலடுக்கு ஆற ஒரு சில மில்லிசெகண்டு முதல் பத்து மில்லிசெகண்டு வரை வேண்டும். பருத்த முடிவேர் ஆறுவதற்குப் பல பத்து மில்லிசெகண்டுகள் ஆகும். ஆகவே பச்சை குத்திய மையின் துகளைச் சிதைப்பதற்கு நானோசெகண்டு அளவிலும் அதனினும் குறுகியதாகவும் உள்ள துடிப்பு தேவை; முடிவேருக்கு மில்லிசெகண்டு அளவிலான நீண்ட துடிப்பு தேவை. ஒன்றற்குரிய கருவியை மற்றொன்றற்குப் பயன்படுத்தினால், பயன் கிட்டாததோடு தோலும் வெந்துபோகும்.

2004-ல் மற்றொரு முறையும் வெளியாயிற்று. தோலின் முழுப் பரப்பையும் தாக்காமல், நுண்ணிய தூண்களைப் போன்ற புள்ளிகளில் மட்டும் ஒளியைச் செலுத்தி, இடையிலுள்ள தோலை ஊறின்றி விட்டுவைப்பது அம்முறை. ஊறுபடாத பகுதியிலிருந்து புதுத்தோல் விரைந்து வளர்வதால் புண் விரைவில் ஆறுகின்றது. பருவின் வடுக்களுக்கு இம்முறை பெரிதும் கையாளப்படுகின்றது. எனினும், இதிலும் பக்க விளைவுகள் இல்லாமலில்லை.

இந்தியரது தோலின் சிறப்பு நிலை

சூரிய ஒளி பட்டால் தோல் சிவக்கின்றதா, கறுக்கின்றதா என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தும் முறையை 1975-ல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்னும் மருத்துவர் வகுத்தார். பின்னர் அது ஆறு வகைகளாக விரிந்தது. எளிதில் சிவந்து என்றும் கறுக்காத வெண்தோல் முதல் வகை. மிகக் கருந்தோல் ஆறாம் வகை. இந்தியருட் பெரும்பாலோர் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவர்.

கருமையான தோலில் மெலனினைத் தயாரிக்கும் அணுக்கள் எண்ணிக்கையில் மிகுதி என்று பலர் கருதுவர். அது சரியன்று. எல்லா மக்களிடத்தும் அவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றேயாகும். அவை உண்டாக்கும் மெலனின் துகள்களின் பருமையும், அளவும், மேலடுக்கில் அவை பரவியிருக்கும் விதமுமே வேறுபடுகின்றன. இம்மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்கும் இயற்கைக் குடையாகும். ஆனால் லேசர் சிகிச்சையில் இக்குடையே இடையூறாகின்றது. முடிவேரிலுள்ள மெலனினை நாடிச் செல்லும் ஒளியை, வழியிலேயே மேலடுக்கிலுள்ள மெலனின் உறிஞ்சிக்கொள்கின்றது. வேர் அழிவதற்கு முன் மேற்றோல் வெந்துவிடுகின்றது.

இதனால்தான் வெண்தோலினருக்கு ஏற்ற அளவுகளை அப்படியே இந்தியருக்குக் கொள்ளலாகாது. மெலனின் குறைவாக உறிஞ்சும் நீண்ட அலை, நீண்ட துடிப்பு, குறைந்த ஆற்றல், தோலைக் குளிர்விக்கும் ஏற்பாடு ஆகிய நான்கும் கருமையான தோலுக்கு இன்றியமையாதவை. முடி நீக்கும் பணியில், 1064 நானோமீட்டர் நியோடிமியம்–யாக் லேசர் கருந்தோலுக்கு மிகவும் பாதுகாப்பானதெனக் கொள்ளப்படுவதும், மாணிக்க லேசர் தவிர்க்கப்படுவதும் இக்காரணம் பற்றியே. பல நிறங்கள் கலந்த ஒளியைத் துடிப்பாக வெளிவிடும் விளக்குக் கருவிகளும் லேசர் என்ற பெயரிலேயே சில இடங்களில் வழங்குகின்றன. அவை லேசர் அல்ல. குறுகிய அலைகளும் அவற்றிற் கலந்திருப்பதால் கருந்தோலில் பெரிதும் கவனத்துடன் கையாளத்தக்கவை.

பக்க விளைவுகள்

சிகிச்சைக்குப் பின் சில மணி நேரமோ, ஓரிரு நாள்களோ தோல் சிவந்திருத்தலும், சிறிது வீங்குதலும், எரிச்சல் இருத்தலும் இயல்பு. முடிவேரைச் சுற்றிச் சிறு வீக்கம் தோன்றுதல், வேர் வெப்பத்தை ஏற்றதற்கு அறிகுறியாகும். தோலைச் சீவும் லேசருக்குப் பின் பொருக்குக் கட்டுவதும், சிவப்பு வாரக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்சத்தக்கவை வேறு. முதலாவது, தீப்புண்ணும் கொப்புளமும். ஆற்றல் மிகுந்தாலும், குளிர்விக்கும் அமைப்பு பழுதுற்றாலும், வெயிலிற் கறுத்த தோலின் மீது ஒளியைச் செலுத்தினாலும் இவை நேரும். கருவி முனையின் வடிவத்திலேயே வட்டமாகவோ சதுரமாகவோ வரிசையாகத் தோன்றும் கருந்தடங்கள் இவ்வகைப் புண்ணின் அடையாளம்.

இரண்டாவது, நிறமாற்றம். இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவது இதுவே. வெப்பத்தால் அழற்சியுற்ற தோலில் நிற அணுக்கள் தூண்டப்பட்டு, அளவுக்கு மீறி மெலனினைச் சுரக்கின்றன. கரும்படலம் பரவுகின்றது. இது பெரும்பாலும் சில மாதங்களில் மெல்ல மங்கும். ஆனால் வெயில் பட்டால் நீடிக்கும். இதற்கு மாறாக, நிற அணுக்களே அழிந்தாலோ செயலிழந்தாலோ வெண்தடம் உண்டாகும். அது மாதங்கள் கழித்தும் தோன்றலாம், நிலைத்தும் விடலாம். கருமையைப் போக்க வேண்டிச் சென்றவர், கருமை மேலும் மிகுந்து திரும்புவதும், வெண்புள்ளிகளுடன் திரும்புவதும் இவ்வாறே நிகழ்கின்றன.

மூன்றாவது, வடு. ஆழத்திற் பரவிய வெப்பமும், ஆறாத புண்ணில் ஏற்படும் தொற்றும் வடுவை விளைக்கும். காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் கீலாய்டு என்னும் வடு தோன்றும் இயல்புடையவர்களுக்கு இவ்வபாயம் மிகுதி.

நான்காவது, தொற்று. வாயருகே முன்பு அக்கி வகைக் கொப்புளம் வந்தவருக்குத் தோலைச் சீவும் லேசருக்குப் பின் அது மீண்டும் எழக்கூடும். இதனை முன்னரே மருத்துவரிடம் கூறினால், தடுப்பு மருந்து அளிக்க இயலும்.

ஐந்தாவது, எதிர்பாராத விளைவுகள். முடியை நீக்கச் செலுத்திய ஒளியே, சிலரிடத்தில், குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், பூனை முடியைத் தூண்டிக் கருமுடியாக வளரச் செய்கின்றது. வெண்மை, தோல்நிறம், சிவப்பு ஆகிய வண்ணங்களில் குத்தப்பட்ட பச்சையில் இரும்பு அல்லது டைட்டேனியம் கலந்த சேர்மங்கள் இருப்பின், லேசர் பட்டவுடன் அவை வேதி மாற்றமுற்றுக் கறுத்துவிடுகின்றன. வெண்குட்டம் உடையவர்க்குத் தோலில் ஏற்படும் எந்தக் காயமும் புதிய வெண்திட்டைத் தோற்றுவிக்கக்கூடும். லேசர் காயமும் அதற்கு விலக்கன்று.

கண்ணுக்கும் மூச்சுக்கும் நேரும் தீங்கு

புனே ஊர்வல நிகழ்ச்சி உணர்த்தும் பாடம் சிகிச்சை அறைக்கும் பொருந்தும். 400 முதல் 1400 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைக் கண்ணின் வில்லை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவிக்கின்றது. அவ்வாறு குவியும்போது ஒளியின் செறிவு ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு பெருகக்கூடும். இமை கொட்டுவதற்குள் விழித்திரையின் ஒரு பகுதி வெந்துவிடும். அது மீண்டும் வளராது. நியோடிமியம்–யாக் லேசரின் 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் எச்சரிக்கையின்றியே தாக்கும். கரியமிலவாயு லேசரின் ஒளி விழித்திரை வரை செல்லாது. ஆனால் கண்ணின் முன்புறக் கருவிழிப்படலத்தைச் சுடும்.

சர்வதேச அளவுமுறையின்படி லேசர்கள் அபாயத்திற்கேற்ப வகுக்கப்படுகின்றன. தோல் சிகிச்சைக்குரியவை பெரும்பாலும் மிகுந்த அபாயமுடைய நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. அவற்றின் நேர்க் கற்றை மட்டுமன்றிச் சிதறிய ஒளியும் கண்ணுக்குக் கேடு தரும். ஆகவே அறையிலுள்ள யாவரும் கண்ணாடி அணிதல் வேண்டும். ஒரு லேசருக்குரிய கண்ணாடி மற்றொன்றுக்குப் பயன்படாது. எந்த அலைநீளத்தைத் தடுக்கும் என்பது கண்ணாடியின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரண வெயிற் கண்ணாடி காப்பாகாது. இமையின் மீதோ அதனை ஒட்டியோ சிகிச்சை செய்யும்போது, இமைக்குள்ளே உலோகக் கவசம் வைக்கப்பட வேண்டும். அறையில் முகம் பார்க்கும் கண்ணாடி முதலிய பளபளப்பான பொருள்கள் இருத்தல் ஆகாது.

தோலை ஆவியாக்கும்போது எழும் புகையும் தூயதன்று. மருக்களைக் கரியமிலவாயு லேசரால் அகற்றியபோது எழுந்த புகையில், மருவை உண்டாக்கும் வைரஸின் மரபுப்பொருள் இருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆகவே புகையை உறிஞ்சி அகற்றும் கருவியும், தக்க முகக்கவசமும் வேண்டும். சாராயம் கலந்த துடைப்பு மருந்து உலர்வதற்கு முன் லேசரைச் செலுத்தினால் தீப்பற்றும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஒரு கணக்கு

அளவில் நேரும் சிறு பிழை எத்துணைப் பெருந்தீங்காகும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 16 ஜூல் ஆற்றலுள்ள ஒளித் துடிப்பு 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் விழுகின்றது என்று கொள்க. வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 0.785 சதுர சென்டிமீட்டர். ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ 20 ஜூல். அதே துடிப்பு 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்திற் குவிந்தால், பரப்பு ஏறத்தாழ 0.196 சதுர சென்டிமீட்டராகக் குறையும். ஆற்றல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 80 ஜூலாக உயரும். விட்டம் பாதியானால் செறிவு நான்கு மடங்காகின்றது. பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும் என்று கருதுவோரிடம் இக்கருவியை ஒப்படைத்தல் ஏன் தகாது என்பது இதனால் விளங்கும்.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

முதற்கண், நோய் இன்னதென்று தோல் மருத்துவர் உறுதி செய்ய வேண்டும். கரும்புள்ளி ஒன்று வளர்ந்து வந்தாலோ, நிறமும் ஓரமும் மாறினாலோ, இரத்தம் கசிந்தாலோ, ஆராயாமல் அதன் மீது லேசரைச் செலுத்துதல் பெருந்தவறு. அது தோற்புற்றாக இருப்பின், நோயின் அடையாளம் மறைந்து, காலமும் வீணாகும். கருந்தோலினருக்கு இத்தகைய புற்று உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாறே, இளம்பெண்ணின் முகத்தில் முடி மிகுதல், சுரப்பிகளின் கோளாறுக்கு அறிகுறியாக இருக்கலாம். மாதவிடாய் ஒழுங்கின்மையும் உடனிருப்பின் முதலில் அதனை ஆராய்தல் வேண்டும்.

முழுப் பகுதிக்கும் சிகிச்சை தொடங்குவதற்கு முன், மறைவான சிறு இடத்தில் சோதனையாக ஒளியைச் செலுத்திப் பார்ப்பது நலம். கருந்தோலில் நிறமாற்றம் தாமதித்தே வெளிப்படுவதால், சில வாரங்கள் பொறுத்து முடிவு காணல் வேண்டும். சிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்னிருந்தே வெயிலைத் தவிர்த்தல் இன்றியமையாதது. வயலிலும் சாலையிலும் உழைப்போருக்கு இது எளிதன்று; அவர்களுக்குச் சிகிச்சையைத் தள்ளிவைப்பதே சில வேளைகளில் நல்லது. உட்கொள்ளும் மருந்துகள், கருவுற்றிருத்தல், கீலாய்டு வடு, அக்கிக் கொப்புளம், வெண்குட்டம் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைத்தலாகாது. முடி நீக்கும் சிகிச்சைக்கு முன் முடியைப் பிடுங்குதலும் கூடாது; வேர் இல்லையேல் ஒளிக்கு இலக்கில்லை. வளரும் நிலையிலுள்ள முடியே லேசருக்கு இணங்குமாதலால், பல முறை சிகிச்சை தேவைப்படும். மெலனின் அற்ற நரைமுடிக்கு இச்சிகிச்சை பயன்படாது.

சிகிச்சைக்குப் பின் தோலைத் தேய்த்தலும், பொருக்கைப் பிய்த்தலும் தவறு. மருத்துவர் தரும் களிம்பையே பூசுதல் வேண்டும். கடைகளில் நிறம் வெளுக்க என்று விற்கப்படும் ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகப் பூசுதல் புதுத் தீங்கைத் தேடுவதாகும். குடையும், முழுக்கை ஆடையும், வெயில் தடுப்புக் களிம்பும் சில வாரங்களேனும் தேவை.

களப்பணியாளர் செய்ய வேண்டுவன

கொப்புளத்துடன் ஒருவர் வந்தால், அப்பகுதியைக் குழாய் நீரில் சுமார் 20 நிமிடம் குளிரச் செய்தல் முதல் உதவியாகும். பனிக்கட்டியை நேரே வைத்தலும், பற்பசை, மை, மஞ்சள் முதலியவற்றைப் பூசுதலும் கூடா. கொப்புளத்தை உடையாமற் காத்து, தூய துணியால் மூடி, மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். பார்வையில் கரும்புள்ளியோ மங்கலோ தோன்றுவதாகக் கூறினால், அன்றே கண் மருத்துவரிடம் அனுப்புவது கடமை. எந்தக் கருவி, எந்த நாள், எத்தனை முறை என்பவற்றைக் கேட்டுக் குறித்து அனுப்பினால், மருத்துவருக்குப் பேருதவியாகும். மருத்துவர் இருக்கின்றாரா, கண் காப்பு உண்டா, சோதனைப் பகுதி பார்க்கப்படுமா, தீங்கு நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்னும் நான்கு கேள்விகளை, பணம் செலுத்துவதற்கு முன்னரே கேட்குமாறு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. செந்தடம், வடு, வேண்டாத முடி ஆகியவற்றால் மனம் குன்றியவருக்கு லேசர் உண்மையாகவே ஆறுதல் அளிக்கின்றது. ஆனால் பிறவி நிறமாகிய மாநிறத்தையும் கருநிறத்தையும் நோயெனக் கருதி, அதனை வெளுக்கச் செய்ய லேசரை நாடுவது வேறு. மெலனினைச் சுரக்கும் அணுக்கள் உயிருடன் உள்ளவரை தோல் தன் இயல்பான நிறத்தை மீண்டும் பெறும். அவ்வணுக்கள் அழிந்தாலோ வெண்தடமே எஞ்சும். திருமண வயதுப் பெண்களும் அவர்தம் பெற்றோரும் இத்தகைய விளம்பரங்களுக்கு இரையாகிப் பொருளையும் தோலின் நலத்தையும் இழக்கின்றனர். கருமை குறையன்று, வெயில் மிகுந்த நாட்டில் இயற்கை அளித்த காப்பு என்பதை வகுப்பறையில் தெளிவாக்கும் ஆசிரியர், பல குடும்பங்களை இவ்விழப்பினின்றும் காப்பவராவார்.

வகுப்பறைச் சோதனை

கருந்துணி ஒன்றும் வெண்துணி ஒன்றும் ஒரே அளவில் எடுத்து வெயிலில் விரித்து, ஒவ்வொன்றின் மீதும் ஒரே பருமனுள்ள பனிக்கட்டித் துண்டை வைக்கவும். கருந்துணியின் மீதுள்ள துண்டு முதலில் உருகும். நிறப்பொருள் ஒளியை வெப்பமாக்கும் என்பதற்கு இதுவே சான்று. கருந்துணியை ஈரத்தால் குளிரச் செய்து மீண்டும் நோக்கினால், குளிர்விக்கும் ஏற்பாட்டின் பயனும் விளங்கும். இப்பாடத்தை விளக்க லேசர் சுட்டுக்கோலை மாணவர் கையில் தருதல் வேண்டாம். அதனை ஒருவர் கண்ணை நோக்கிப் பிடித்தல் விளையாட்டன்று என்பதையும் அப்பொழுதே அறிவுறுத்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. மெலனின், ஹீமோகுளோபின், நீர் ஆகியவற்றை இலக்காகக் கொண்ட லேசர்களுக்கு ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக.

2. பச்சை குத்திய தடத்தை அழிக்கும் துடிப்பும், முடிவேரை அழிக்கும் துடிப்பும் கால அளவில் வேறுபடுவதற்குக் காரணம் யாது?

3. வெயிலைக் காக்கும் மெலனின், லேசர் சிகிச்சையில் இடையூறாவது எவ்வாறு?

4. 24 ஜூல் ஆற்றலுள்ள துடிப்பு, 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்திலிருந்து 6 மில்லிமீட்டர் விட்டத்திற்குக் குவிந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் எத்தனை மடங்காகும்?

5. உம் ஊரில் லேசர் சிகிச்சைக்குச் செல்ல விரும்பும் ஒருவருக்கு, செல்வதற்கு முன் நீர் கூறும் அறிவுரைகளை வரிசைப்படுத்தி எழுதுக.